இயக்குநரின் மூன்று விரல்கள்

மார்ச் மாதம் பதினான்காம் தேதி காலை, நகரப் பொது மருத்துவமனையின் முதல் மாடி வராந்தாவில், அறுவைச் சிகிச்சை அரங்குக்குப் போகும் வழியில், மூன்று பித்தளை விரல்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டன. அவை இயக்குநரின் வலதுகை ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகியவற்றின் வார்ப்புகள்.

விஷயம் இதுதான். மணிக்கட்டின் உட்புறம், கை மடங்கும் கோட்டிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, கையை இறுக்கினால் புடைக்கும் இரண்டு தசைநார்களுக்கு நடுவில் ஓர் இடம் உண்டு. அறுவைச் சிகிச்சை செய்துகொள்பவருக்கு அங்கே மெல்லிய ஊசி ஒன்றைக் குத்தி வைத்தால், மயக்கம் தெளிந்த பிறகு வரும் குமட்டலும் வாந்தியும் பலருக்குக் குறைகின்றன. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மாதான் முதலில் இதைக் கொண்டுவந்தார். வழக்கமாகப் போடும் வாந்தித் தடுப்பு மருந்தையும் போட்டு, கூடவே இந்த ஊசியையும் குத்தினார். மூன்று விரல் என்பது நோயாளியின் விரல். அவரவர் கைக்கு அவரவர் விரல்தான் அளவு. சில மாதங்கள் யாருக்கும் தெரியாமல் எல்லாம் நன்றாக நடந்தது. நன்றாக நடக்கிறது என்று நிர்வாகத்துக்குத் தெரிந்த நாளிலிருந்து சிக்கல் ஆரம்பித்தது.

அதற்காகக் கூட்டப்பட்ட கூட்டத்தில் இயக்குநர் எழுந்து கேட்டார்:

"நோயாளிக்கு நோயாளி விரல் மாறுது. ஒருத்தருக்குத் தடி, ஒருத்தருக்கு ஒல்லி. ஒரு அம்மாவுக்கு மூணு விரலும் சேந்து என் கட்டைவிரல் அளவுகூட இல்ல. இப்படி ஒழுங்கில்லாத விரல்களை நம்பி ஒரு நிறுவனத்தை எப்படிய்யா நடத்துறது?"

ஒழுங்கான விரல் யாருடையது என்று ஆராய ஒரு குழு போடப்பட்டது. குழுவினர் தத்தம் விரல்களைப் பார்த்துக்கொண்டார்கள், பிறகு இயக்குநரின் விரல்களைப் பார்த்தார்கள், ஒருமனதாக முடிவெடுத்தார்கள். இயக்குநர் ஆகிருதியான மனிதர். வார்ப்பு எடுத்த அன்று மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. எண்ணெய் போட்டுப் பார்த்தார்கள், சோப்புப் போட்டுப் பார்த்தார்கள், அசையவில்லை. ஆகவே வார்ப்பிலும் மோதிரம் விழுந்து, அளவு இன்னும் கொஞ்சம் கூடியது. குழு அந்தக் கூடுதலையும் அங்கீகரித்தது. அந்த அளவில் பிளாஸ்டிக் கட்டைகள் செய்து வார்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள்.

அந்த ஆண்டு குடலிறக்க அறுவைக்கு நாள் வாங்கியவர்களில் பள்ளிக்கூட பஸ் டிரைவர் ஒருவரும் இருந்தார். குள்ளமான ஆள். சீட்டில் இரண்டு தலையணை போட்டால்தான் ஸ்டியரிங்குக்கு மேல் அவர் தலை தெரியும். அவருடைய அக்காவுக்குப் பித்தப்பையில் கல். அவளுக்கும் அதே மருத்துவமனை, அதே மாதம். தம்பிக்கு முதலில் நாள் கிடைத்தது.

"நீ முன்னாடி போறது நல்லதாப் போச்சுடா," என்றாள் அக்கா. "படுத்து எழுந்திரிச்சு வந்து உள்ளதச் சொல்லு. எனக்கு வயித்தக் கிழிக்கிறதுகூட பயமில்ல. அதுக்கப்புறம் வருமே, அதுதான்."

அக்கா பஸ்ஸில் ஏறி, பஸ் கிளம்புவதற்கு முன்பே வாந்தி எடுக்கக்கூடியவள். இரண்டாவது குழந்தையை வயிற்றைக் கிழித்து எடுத்தபோது இரண்டு நாள் அவள் பட்டதை அந்தக் குடும்பத்தில் யாரும் மறக்கவில்லை. ஒவ்வொரு தடவை குமட்டும்போதும் ஒவ்வொரு தையலும் தனித்தனியாகத் தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது என்பாள்.

"கையில ஊசி குத்துறாங்களாம். வாந்தியே வராதாம். நெசமான்னு பாத்துட்டு வா."

"டாக்டர்கிட்ட கேக்க வேண்டியதுதானக்கா?"

"டாக்டருக்கு என்ன, அவரா வாந்தி எடுக்கப் போறாரு? நீ சொன்னா எனக்குப் போதும். நீ என்கிட்ட பொய் சொல்லி நான் பாத்ததில்ல."

அக்காவின் கணவர், மாமா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "பொய் சொல்ற அளவுக்கு அவனுக்கு எங்க மூளை?" என்றார்.

சேர்ந்த அன்று டிரைவரையும் வேறு ஐந்தாறு பேரையும் பச்சை அங்கி போட்டு வராந்தாவில் வரிசையாக நிறுத்தினார்கள். கண்ணாடிப் பெட்டி திறக்கப்பட்டது. ஒவ்வொருவரும் பித்தளை விரல்களைத் தொட்டபடி, தர அதிகாரி சொல்லச் சொல்ல உறுதிமொழி எடுத்தார்கள். தர அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் மோந்து பார்ப்பார்.

"இம்மருத்துவமனையின் நற்பெயரை என் வயிற்றின் நலனுக்கு மேலாக மதிப்பேன். மயக்கத்திலும் மயக்கம் தெளிந்த பின்னும் குமட்டலுக்கு இடம் கொடேன்."

டிரைவர் சத்தமாகவே சொன்னார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவருக்குச் சத்தமாகப் பேசித்தான் பழக்கம். தர அதிகாரி அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்து வைத்துக்கொண்டார்.

கையை அளந்தது வார்டில் இருந்த இளம் நர்ஸ். பெரிய சிஸ்டர் ஒருவர் இருந்த காலத்தில் வந்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் சின்ன சிஸ்டர். கட்டையின் அடிவிளிம்பை மணிக்கட்டுக் கோட்டில் வைத்து, மேல்விளிம்பில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள்.

டிரைவர் பார்த்தார். "சிஸ்டர், பாதிக் கை தாண்டிடுச்சு போல இருக்கே?"

"அளவு சரியாத்தான் இருக்குண்ணா. கைதான் கொஞ்சம் குட்டை."

"ஓ," என்றார் டிரைவர். ஏதோ தான் கொண்டுவர வேண்டியதைக் கொண்டுவராமல் வந்துவிட்டது போல அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று.

கண் விழித்தபோது மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதோடு கட்டிலும் சுற்றியது. வயிற்றின் அடியிலிருந்து ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்து, நிற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"சிஸ்டர்... தட்டு..."

சின்ன சிஸ்டர் அடுத்த அறையில் இருந்தாள். வந்திருந்தாலும் பயனில்லை. அந்த மருத்துவமனையில் வாந்தித் தட்டு கிடையாது. கட்டிலுக்குப் பக்கத்தில் தட்டு வைப்பது ஊசியின் மேல் அவநம்பிக்கையைக் காட்டுகிறது என்று எல்லாத் தட்டுகளையும் சேகரித்துக் கிடங்கில் பூட்டிவிட்டார்கள். அதற்குப் பதிலாக, மனசுக்கு இதமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு பூந்தொட்டி வைத்தார்கள். மற்ற வார்டுகளில் செழித்து வளரும் செடி இந்த வார்டில் மட்டும் ஏன் வாரா வாரம் பட்டுப்போகிறது என்று தோட்டப் பிரிவு ஆராய்ந்துகொண்டிருந்தது. மண் பரிசோதனைக்குக்கூட அனுப்பியிருந்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். கன்னம் இரண்டும் உப்பி, கண்ணில் நீர் கோத்து, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். உறுதிமொழியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது. டிரைவர் தவிப்பதைக் கண்டு, வாயைத் திறக்காமலே மோவாயால் தொட்டியைக் காட்டினார்.

டிரைவர் தொட்டியை எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் பிள்ளைகள் வாந்தி எடுத்தால் அவர் திட்டியதே கிடையாது. ஓரமாக நிறுத்தி, முதுகைத் தடவி, "விடு கண்ணு, எல்லாம் வெளிய வரட்டும், இதுல என்ன தப்பு?" என்பார். இப்போது தன் முதுகைத் தானே தடவ எட்டவில்லை. தப்பு செய்துவிட்டோம் என்ற எண்ணம்தான், வயிற்று வலியையும் மீறி, முதலில் வந்தது. அத்தனை பேர் சேர்ந்து ஒரு நல்ல காரியம் செய்துகொண்டிருக்கிறார்கள், நாம் வந்து கெடுத்துவிட்டோமே.

சின்ன சிஸ்டர் ஓடிவந்தாள். தொட்டியைப் பார்த்தாள். "அண்ணா, நீங்களுமா?" என்றாள். உடனே வாசலைப் பார்த்தாள். "யாராவது பாத்தாங்களா?"

வாத்தியார் இல்லை என்று தலையாட்டினார்.

"பெரிய சிஸ்டர இப்படித்தான் சலவைக்கு மாத்திட்டாங்கண்ணா. அவங்க பாத்துக்கிட்ட கட்டில்ல ஒருத்தர் வாந்தி எடுத்துட்டார்னு. பதினெட்டு வருஷ சர்வீஸ். இப்ப போர்வை மடிக்கிறாங்க." அவள் டிரைவரின் வாயைத் துடைத்துவிட்டு, தன் கையாலேயே தரையையும் துடைத்தாள். "அழாதீங்க. அழுதா தையல் வலிக்கும்."

"என்னால உனக்குத் தொந்தரவு, சிஸ்டர்."

"அதெல்லாம் இல்ல. வாயக் கொப்பளிங்க."

தொட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்குப் போகவும் தர அதிகாரி உள்ளே வரவும் சரியாக இருந்தது. அவர் நின்று மூச்சை இழுத்தார்.

"என்ன வாசனை?"

"செடிக்கு உரம் போட்டோம் மேடம்."

தர அதிகாரி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். "நோயாளி ஒத்துழைக்கலையா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை விசாரணை நடந்தது. நோயாளி நடக்க முடியாத நிலையில் இருந்ததால் விசாரணைக் குழுவே கட்டிலுக்கு வந்தது. பித்தளை விரல்களை வெல்வெட் துணி விரித்த தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். டிரைவரின் முன்கையை விரல்களுக்கு அடியில் வைத்தார்கள். ஒருவர் பிடித்துக்கொண்டார், ஒருவர் பார்த்தார், ஒருவர் சரிபார்த்தார்.

"உங்க மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்துல இல்ல," என்றார் தர அதிகாரி.

"பொறந்ததுலேந்து அங்கதான் மேடம் இருக்கு."

"அதுதான் பிரச்சினை. யாரும் கவனிச்சுச் சொல்லல." அவர் குரலில் கோபம் இல்லை, பரிவுதான் இருந்தது. "உங்கமேல தப்பு சொல்லல. ஊசி சரியா இருக்கு. அளவு சரியா இருக்கு. நடுவுல நீங்க வந்துட்டீங்க, அவ்வளவுதான். குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

அக்காவின் கை அவர் கண் முன்னால் வந்தது. வளையல் கடையில் அக்காவுக்குச் சின்னப் பெண்களின் அளவுதான் எடுப்பார்கள். அதைச் சொன்னால் அக்காவை அறுவைக்கே சேர்க்கமாட்டார்களோ என்று ஒரு பயம்.

"இல்ல மேடம். எனக்கு மட்டும்தான்."

அந்த நேரத்தில் இயக்குநர் வந்தார். எல்லோரையும் போகச் சொல்லிவிட்டு, கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். கட்டில் அவர் பக்கமாகச் சாய்ந்தது.

"டிரைவர், மத்தியானம் தரச்சான்று குழு வர்றாங்க. 'வாந்தியில்லா மருத்துவமனை'ன்னு இந்த நாட்டுல இதுவரைக்கும் யாருக்கும் பட்டம் குடுத்ததில்ல. நமக்குத்தான் முதல்ல. ஒரு நோயாளி பேசணும். உங்க குரல் நல்லாருக்குன்னு மேடம் சொன்னாங்க."

"சார், எனக்கு வாந்தி..."

"வந்துச்சுன்னு நினைக்கிறீங்க." இயக்குநர் புன்னகைத்தார். "நீங்க அரை மயக்கத்துல இருந்தீங்க. அரை மயக்கத்துல இருந்த ஆள் சொல்ற சாட்சி செல்லுமா? நீங்களே சொல்லுங்க."

டிரைவர் யோசித்தார். "அப்ப வரலைன்னு நான் சொன்னா மட்டும் செல்லுமா சார்?"

"அது செல்லும். அதுக்குச் சாட்சியா நாங்க இருக்கோமே." இயக்குநர் டிரைவரின் கையைத் தட்டிக்கொடுத்தார். "பாருங்க, ஊர்ல அப்பா அம்மா எல்லாரும் தங்களோட பிள்ளைகள உங்கள நம்பி அனுப்புறாங்க. அந்த நம்பிக்கை எங்களுக்கு இன்னும் வரல. உங்களுதுல கொஞ்சம் குடுங்கன்னு கேக்குறேன், அவ்வளவுதான். இல்லைன்னா, நேத்து உங்க கட்டிலப் பாத்துக்கிட்டது யாரு? அந்தச் சின்னப் பொண்ணுதானே? சலவைல ஆள் பத்தலைன்னு வேற சொல்லிக்கிட்டு இருக்காங்க."

மத்தியானம் குழு வந்தது. கேமராவும் வந்தது. டிரைவருக்கு முகம் துடைத்து, தலை வாரி, புதுத் தொட்டியும் பக்கத்தில் வைத்தார்கள். சின்ன சிஸ்டர் கட்டிலின் கால்மாட்டில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு நின்றாள்.

"அறுவைக்கு அப்புறம் உங்களுக்கு வாந்தி வந்துச்சா?" என்று கேட்டார் குழுவின் தலைவர்.

"வரலைங்க."

"குமட்டல்?"

"இல்லைங்க."

"கொஞ்சம்கூட?"

அங்கே நிறுத்தியிருக்கலாம். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. டிரைவருக்கு என்ன தோன்றியதோ, "பசிதாங்க எடுத்துச்சு," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். கை தட்டினார்கள். இயக்குநர் பெருமையாகத் தலையை ஆட்டினார். சின்ன சிஸ்டர் மூச்சு விட்டாள். ஒரு கணம் டிரைவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பக்கத்துக் கட்டிலில் வாத்தியார் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்தக் கைதட்டலின் சூட்டோடு இயக்குநர் அறிவித்தார்: "இனிமேல் இந்த மருத்துவமனையில ஊசி குத்திக்கிறவங்களுக்கு வாந்தித் தடுப்பு மருந்து கிடையாது. தேவையில்ல. இவரே சாட்சி."

பின்னால் நின்றிருந்த மயக்க டாக்டரம்மா முன்னே வந்தார். "சார், ஊசி நல்லதுதான். நான்தானே ஆரம்பிச்சேன். ஆனா அவங்கவங்க கை அளவுல குத்தணும். மருந்தையும் சேத்துக் குடுத்தா இன்னும் நல்லது. ரெண்டுக்கும் சண்டையில்ல."

"ரெண்டையும் குடுத்தா எதனால நின்னுச்சுன்னு எப்படிம்மா தெரியும்? பேரு யாருக்குப் போகும்?" என்றார் இயக்குநர். குழுவினர் பக்கம் திரும்பி விளக்கினார்: "மருந்து எங்க வேணும்னாலும் கிடைக்கும். விரல் இங்க மட்டும்தான் இருக்கு."

டாக்டரம்மா விடவில்லை. கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. நோயாளி தன் வாயால் மருந்து வேண்டும் என்று கேட்டால் கொடுக்கலாம். டாக்டரோ நர்ஸோ அதைச் சிபாரிசு செய்யக் கூடாது. நோயாளியின் சுதந்திரத்தை மதிக்கும் இந்த ஏற்பாட்டைக் குழு மிகவும் பாராட்டியது.

மறுநாள் அக்கா பார்க்க வந்தாள். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். கீழே மருந்துக் கடைக்கும் லிஃப்டுக்கும் நடுவில் ஒரு பெரிய டிவி இருந்தது. அதில் டிரைவரின் முகம் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"பசிதான் எடுத்துச்சாமே! லிஃப்ட்டுக்கு நின்ன எல்லார்கிட்டயும் சொன்னேன், என் தம்பின்னு." அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்பாடா. பத்து நாளா தூக்கமில்லடா எனக்கு. இப்பதான் நெஞ்சு ஆறிச்சு."

"அக்கா..."

"என்ன?"

சொல்ல வேண்டிய வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. நேற்று பொய்யை அவ்வளவு சுலபமாக வெளியே விட்ட வாய், இன்று திறக்கவில்லை.

"ஒண்ணுமில்ல. மாமா வரலையா?"

"வண்டி நிறுத்திட்டு வர்றாரு. கீழ உன்னத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறாரு, டிவில. இவன் இவ்வளவு பேசுவானான்னு ஆச்சரியம்."

அக்காவின் முறை வந்தபோது டிரைவர் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை, ஆனால் நடக்க ஆரம்பித்திருந்தார். அரங்குக்கு வெளியே காத்திருக்கும் அறையில் அக்கா பச்சை அங்கிக்குள் இன்னும் சின்னதாகத் தெரிந்தாள். சின்ன சிஸ்டர் கட்டையை எடுத்து அவள் கையில் வைத்தாள். மேல்விளிம்பு முழங்கைக்குப் பக்கத்தில் போய் நின்றது. சின்ன சிஸ்டர் ஒரு கணம் தயங்கினாள். பிறகு புள்ளி வைத்தாள்.

"ஏம்மா, இது மணிக்கட்டா முழங்கையா?" என்று அக்கா சிரித்தாள். "என் கை அவ்வளவுதான். குத்து, குத்து."

மயக்க டாக்டரம்மா வந்தார். விதிப்படி அவர் எதையும் சிபாரிசு செய்யக் கூடாது. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "வாந்தித் தடுப்பு மருந்துன்னு ஒண்ணு இருக்கு. வேணும்னு நீங்க கேட்டா நான் போடுவேன். நீங்கதான் கேக்கணும்." சொல்லிவிட்டு, அக்காவைப் பார்க்காமல் டிரைவரைப் பார்த்தார்.

"கேளுக்கா," என்றார் டிரைவர். "வேணும்னு சொல்லு. போட்டுக்கோ."

"எதுக்கு?"

"சும்மா. ஒரு பாதுகாப்புக்கு."

"நீ போட்டுக்கிட்டியா?"

அவருக்கு அன்று மருந்தும் போட்டுத்தான் இருந்தது. போட்டும் வந்தது. அதைச் சொல்ல இரண்டே வாக்கியம் போதும். டிரைவர் வாயைத் திறந்தார். எதிரே சின்ன சிஸ்டர் கட்டையைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் கதவுக் கண்ணாடியில் தர அதிகாரியின் நிழல் தெரிந்தது.

"உனக்கு வந்துச்சாடா?" அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். "உள்ளதச் சொல்லு."

"இல்லக்கா. எனக்கு வரல."

"அப்புறம் என்ன? வேணாம் டாக்டரம்மா. இருக்கிற மருந்தே உடம்புக்கு ஜாஸ்தி." அவள் தம்பியின் கன்னத்தைத் தட்டினாள். "பயந்தாங்கொள்ளி. கத்தி எனக்கா உனக்கா?"

டாக்டரம்மா இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். அவர் டிரைவரைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

கல் பெரிதாக இருந்ததால் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தது நல்லபடியாக முடிந்தது. பிற்பகல் அக்கா கண் விழித்தாள். விழித்ததும் தம்பியைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். அதோடு ஆரம்பித்தது.

நிற்கவேயில்லை. ஒன்று முடிந்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது வந்தது. வயிற்றில் ஒன்றும் இல்லாமல் போன பிறகும் வந்தது. டிரைவர் முதலில் தொட்டியைப் பிடித்தார். பிறகு மாமாவின் துண்டை. அதற்குப் பிறகு கையைத்தான் ஏந்தினார். அக்கா ஒரு கையால் வயிற்றை அமுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் அவர் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒரு தடவை, "தம்பி, தையல்," என்றாள். சின்ன சிஸ்டர் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினாள்.

தையல் இரண்டு இடத்தில் விட்டிருந்தது. அக்காவை மறுபடி உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டரம்மா இம்முறை யாருடைய வாயையும் எதிர்பார்க்காமல் மருந்தைப் போட்டார். முதலில் தன் மூன்று விரல்களைப் பார்த்துவிட்டு, அவற்றை விட்டு, அக்காவின் மறுகை விரல்களையே சேர்த்துப் பிடித்து அளந்து, ஊசியையும் குத்தினார். விதியை மீறியதற்காக அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போயிற்று.

மறுநாள் அக்கா மெதுவாகப் பேசினாள். முகம் வெளுத்திருந்தது.

"அந்த மேடம் வந்தாங்கடா. என் மணிக்கட்டு தப்பான இடத்துல இருக்காம். வந்து நிக்கிறப்பவே சொல்லியிருக்கணுமாம். எல்லாருக்கும் நல்லா ஆகுது. உனக்குப் பசியே எடுத்திருக்கு. எனக்கு மட்டும் பாரு." அவள் தன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "அந்தச் சின்னப் பொண்ணுக்கு என்னால கெட்ட பேரு. உங்க எல்லாருக்கும் அலைச்சல். உன் துணியெல்லாம் பாழாக்கிட்டேன்."

டிரைவர் தரையைப் பார்த்தார்.

"எனக்கும் வந்துச்சுக்கா."

"என்ன?"

"வாந்தி. அன்னிக்கு. தொட்டி நெறைய."

அக்கா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"டிவில?"

"பொய்."

"பசி எடுத்துச்சுன்னது?"

"அதுவும்தான். அது யாரும் சொல்லச் சொல்லல. நானா சொன்னேன்."

"அப்ப என் கையில கோளாறு இல்லையா?"

"ஒண்ணுமில்ல. உன் கை நல்லாத்தான் இருக்கு. அளவுதான் இயக்குநரோடது."

அக்கா போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "தண்ணி குடு," என்றாள். அவர் கொடுத்தார். அவள் கொஞ்சமாகக் குடித்துவிட்டு, டம்ளரை அவரிடம் கொடுக்காமல் மாமாவிடம் நீட்டினாள்.

அன்றே டிரைவர் இயக்குநரின் அறைக்குப் போனார். உட்காரச் சொன்னார்கள். உட்காராமல் நின்றே சொன்னார்.

"சார், நான் அன்னிக்குச் சொன்னது பொய். அத எடுத்துடுங்க. எனக்கு வாந்தி வந்துச்சு, எங்க அக்காவுக்கும் வந்துச்சு, பக்கத்துக் கட்டில் வாத்தியாருக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. இன்னும் நாலு பேர் அந்த டிவியப் பாத்துட்டு மருந்து வேணாம்பாங்க."

இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். தர அதிகாரி பக்கத்தில் நின்றிருந்தார்.

"அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க. இன்னிக்கு வேற சொல்றீங்க. ரெண்டுல ஒண்ணு பொய்தானே?"

"ஆமா சார். அன்னிக்குச் சொன்னதுதான் பொய்."

"அப்ப நீங்க பொய் சொல்ற ஆளுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. பொய் சொல்ற ஆள் இன்னிக்கு வந்து சொல்றத நான் எப்படி நம்புறது?" அவர் மோதிர விரலைத் தடவிக்கொண்டார். "அதனால, பழசையே வெச்சுக்குவோம். அப்ப உங்க பேர்ல ஒரு களங்கமும் இல்ல."

"சார், எங்க அக்கா..."

"உங்க அக்கா விஷயம் வருத்தம்தான். ஆனா குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கான்னு மேடம் கேட்டப்ப நீங்க இல்லைன்னுட்டீங்க. நாங்க உங்க வார்த்தைய நம்பினோம்." இயக்குநர் எழுந்து நின்றார். "இந்த நிறுவனம் நோயாளிகள நம்பி நடக்குது தம்பி. அவங்கதான் எங்களக் கைவிட்டுடறாங்க."

மேடம் கேட்டபோது தான் இல்லை என்று சொன்னது உண்மைதானே என்று நினைத்தபடி டிரைவர் வெளியே வந்தார். கீழே இறங்கி வரும்போது லிஃப்டுக்கு முன்னால் ஒரு குடும்பம் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் நடுவில் போய் நின்று, "அது நான்தான், அது பொய்," என்றார். அவர்கள் டிவியைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். கூட வந்த அம்மா தன் பிள்ளையைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொண்டாள். காவலாளி வந்து அவரை வெளியே கூட்டிப்போனார்.

ஏப்ரலில் மருத்துவமனைக்கு 'வாந்தியில்லா மருத்துவமனை' பட்டம் கிடைத்தது. பட்டயம் பித்தளை விரல்களுக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டது. பூந்தொட்டிகளின் எண்ணிக்கை கட்டிலுக்கு இரண்டாக உயர்த்தப்பட்டது. சின்ன சிஸ்டர் சலவைப் பிரிவுக்கு மாற்றப்பட்டாள். பட்டயத்துக்கு முந்தைய வாரமே அந்த உத்தரவு போட்டாயிற்று.

அக்கா மாதக் கடைசியில் வீடு திரும்பினாள். தம்பியோடு முன்போலவே பேசுகிறாள். வந்தால் உட்காரச் சொல்கிறாள், சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். மழை வரும் என்றோ, கடை மூடியிருக்கிறது என்றோ அவர் ஏதாவது சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் போன பிறகு அதையே மாமாவிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்கிறாள்.